லமினேட் பண்ணிய 'ஆட்கள் தேவை': திருகோணமலை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்து வர்த்தகர் சங்கங்களின் தலைவர், செயலாளர்மாருக்கும், நகரத்திலும் உப்புவெளி, நிலாவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களிலும் கடை, பேக்கரி, கராஜ், விடுதி, சிறு ஆலை என்று ஏதோ ஒன்றை நடத்திக்கொண்டிருக்கும் அண்ணன்மார், நானாமார், அக்காமார், தம்பிமார் எல்லோருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நகரத்தில் ஒரு கடை வாசல் தூணில் நாலு வருடமாக "வேலைக்கு ஆட்கள் தேவை" என்று ஒரு அறிவித்தல் இருக்கிறது. முதலில் மார்க்கர் பேனையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். மாரி மழையில் மை கரைந்தது. அடுத்ததைக் கொமினிக்கேஷனில் அடித்து எடுத்து ஒட்டினார்கள். ஆனி ஆடி வெயிலும் கச்சான் காற்றும் சேர்ந்து அதை வெளிற வைத்தன. போன மாதம் அந்தப் பக்கம் போனேன். இப்போது லமினேட் பண்ணி, நாலு மூலைக்கும் ஸ்க்ரூ அடித்திருக்கிறார்கள். பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கவலையாகவும் இருந்தது. ஆள் தேடும் கடதாசிக்கு ஸ்க்ரூ அடிக்கிறவர், வருகிற ஆள் நிற்கமாட்டார் என்று தானே முடிவெடுத்துவிட்டார்.

நான் யார் என்று கேட்பீர்கள். கணக்கு எழுதுகிறவள். 1998 முதல் இந்த ஊரில் கடை கடையாகப் போய்க் கொப்பி எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால் புடவைக் கடையில் நின்றவள். ஒன்பது வருடமாகப் பாலையூற்றில் ஒரு சின்ன மில் நடத்துகிறேன். மிளகாய்த்தூள், அரிசிமா, சரக்குத்தூள். ஆறு பெண்கள் என்னோடு வேலை செய்கிறார்கள். ஆகவே வேலைக்கு நின்றவளாகவும், வேலைக்கு ஆள் வைத்தவளாகவும், இரண்டு பக்கத்துக் கணக்கையும் பார்த்தவளாகவும்தான் இதை எழுதுகிறேன். யாருடைய கடைப் பெயரும் இதில் வராது. வாசிக்கும்போது "இது என்னைத்தான்" என்று ஒருவருக்குப் பட்டால், வேறு பத்துப் பேருக்கும் அப்படியே படும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கக் கூட்டங்களில் எப்போது பார்த்தாலும் ஒரே பல்லவி: ஆள் இல்லை. பொடியன்கள் கட்டாருக்குப் போறாங்கள், பெட்டையள் சவூதிக்குப் போறாளவை, மிச்சமிருக்கிறது முழுக்கப் போனுக்குள்ள கிடக்குது. இதில் உண்மை இல்லை என்று சொல்லமாட்டேன். 2022இல் மட்டும் இந்த நாட்டில் இருந்து 3 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து போனார்கள். கிண்ணியா, மூதூர் வீடுகளில் அந்தக் கதை இல்லாத வீடு குறைவு. ஆனால் போகாமல் ஊரில் இருக்கிறவர்களும் உங்களிடம் வருவதில்லையே, அது ஏன்?

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை ஒரு பலசரக்குக் கடையில் மாதம் 35,000 ரூபாய்க்கு நின்றாள். விட்டுவிட்டு 32,000 ரூபாய்க்கு ஒரு சுப்பர்மார்க்கெட்டில் சேர்ந்தாள். பழைய முதலாளி என்னிடம் சொன்னார், "மூவாயிரம் குறையவாம், போயிட்டாள். மூளை இருக்கா பாருங்கோ." பிறகு ஒருநாள் பஸ்ஸில் அவளைக் கண்டேன். கேட்டேன். "அக்கா, இங்க எத்தினை மணிக்கு வீட்ட போவன் எண்டு காலமையே எனக்குத் தெரியும்" என்றாள். அவ்வளவுதான். மூவாயிரம் ரூபாய் கொடுத்து அவள் வாங்கியது அந்த ஒரு தகவலை.

அந்த முதலாளி கெட்டவர் இல்லை. அவளுடைய தகப்பன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவோடு இரவாக வான் பிடித்துக் கொடுத்தவர். எங்கள் ஊர் முதலாளிமார் பலர் இப்படித்தான். ஆபத்துக்கு ஓடி வருவார்கள், சாதாரண நாளில் மறந்துவிடுவார்கள். ஆனால் வேலைக்கு நிற்கிறவளுக்கு வருடத்தில் 360 நாளும் சாதாரண நாள்தானே.

சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். 1990களின் நடுவில், பத்தொன்பது வயதில், நான் புடவைக் கடையில் சேர்ந்தேன். காலை எட்டரைக்குப் போனால் இரவு ஏழரை. கடையில் நாலு கதிரை. நாலும் வாடிக்கையாளருக்கு. ஆட்கள் இல்லாத நேரத்திலும் நாங்கள் இருக்கக் கூடாது, "கடை செத்துப்போன மாதிரித் தெரியும்" என்பார் முதலாளி. பண்டகசாலைக்குள் துணிக் கட்டு எடுக்கப் போகிற சாட்டில் கட்டின் மேல் ஒரு நிமிஷம் குந்துவோம். தீபாவளி நேரம் அதுவும் இல்லை. இரவு வீட்டுக்குப் போய்க் காலைச் சுடுதண்ணீருக்குள் வைத்துக்கொண்டு அப்படியே நித்திரையாகியிருக்கிறேன். இன்றைக்கு என் இடது காலில் ஓடுகிற நீல நரம்பு அந்தக் கடையில் இருந்து நான் கொண்டுவந்தது. பணிக்கொடை என்று வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

கதிரையில் இருப்பதற்கு ஒரு சட்டம் வேண்டியிருக்கிறது என்பதே வெட்கமான விஷயம். ஆனாலும் கேரளாவில் 2018இல் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிற எல்லோருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்று எழுதினார்கள். அங்கே பெரிய பெரிய துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்களின் கால்தான் அந்தச் சட்டத்தை எழுதியது. நாம் பட்டுச் சேலைக்கு அங்கே போகிறோம், கடை அலங்காரத்தையும் அங்கே பார்த்து வந்து செய்கிறோம். வரும்போது இந்த ஒரு பழக்கத்தையும் கொண்டு வந்தால் என்ன? ஒரு பிளாஸ்டிக் கதிரையின் விலை, உங்கள் கடையில் ஒரு நாளைக்கு உடைகிற சாமானின் விலைதான்.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது, கமரா. கள்ளனுக்கென்று பூட்டினது. நல்லது. ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிற முதலாளி, போனில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, "சிவப்புச் சட்டை ஏன் இருக்குது? எழும்பச் சொல்லு" என்று கடைக்கு அடிக்கிறார். நான் கணக்கு மேசையில் இருக்கும்போது என் காதால் கேட்டது. பெயர் கூட இல்லை, சிவப்புச் சட்டை. அந்தப் பொடியன் எழும்பினான். அடுத்த மாதம் கடையில் இல்லை. அவனுடைய இடத்துக்கு ஆள் தேவை என்று கடதாசி ஒட்டினார்கள்.

கக்கூசைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும், மன்னிக்கவும். நகரத்துப் பழைய கட்டடங்கள் பலவற்றில் கடைக்கென்று மலசலகூடம் இல்லை. ஆண்கள் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். பெண்பிள்ளைகள் காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமல் நிற்கிறார்கள். ஓகஸ்ட் மாத வெக்கையில், பத்து மணித்தியாலம். கட்டடம் உங்களுடையது இல்லை, வாடகை, சொந்தக்காரர் கட்ட விடமாட்டார், எல்லாம் தெரியும். ஆனால் ஒரு வரிசையில் இருக்கிற எட்டுக் கடையும் சேர்ந்தால் பின்பக்கத்தில் ஒன்றைக் கட்டித் திறப்பை மாறி மாறி வைத்திருக்கலாம். சங்கம் என்று ஒன்று இருப்பது மாலை போடுவதற்கு மட்டுமா?

நேரக் கணக்குக்கு வருவோம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் எழுபது வருடத்துக்கு மேல் பழையது. சாப்பாட்டு நேரத்தைக் கழித்து ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேலே போனால் ஒன்றரை மடங்கு. அந்த மேலதிக நேரமும் வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. வாரத்தில் ஒன்றரை நாள் லீவு. வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் அமய லீவு. கையில் ஒரு நியமனக் கடிதம். இப்போது என் புடவைக் கடை நேரத்தைப் போட்டுப் பாருங்கள். எட்டரைக்கும் ஏழரைக்கும் இடையில் 11, சாப்பாட்டுக்கு ஒன்று கழித்தால் 10. ஆறு நாளைக்கு 60. நாற்பத்தைந்தும் பன்னிரண்டும் 57. சட்டம் நீட்டக்கூடிய அளவுக்கு நீட்டினாலும் மூன்று மணித்தியாலம் வெளியே நிற்கிறது. நாற்பத்தைந்துக்கு மேலே நான் நின்ற பதினைந்து மணித்தியாலத்துக்கும் சேர்த்து எனக்குக் கிடைத்தது பின்னேரம் ஒரு பிளேன்ரீயும் ஒரு வாய்ப்பனும்.

சம்பளத்தை விட அதிகமாக ஆட்களைக் கலைப்பது, அது வருகிற விதம். சில கடைகளில் லாச்சிக்குள் ஒரு பென்சில் கொப்பி இருக்கும். ஐந்நூறு, ஆயிரம், இரண்டாயிரம் என்று கேட்கிற நேரம் எடுத்துக் கொடுத்து அதில் எழுதுவார்கள். உதவி மாதிரித்தான் தெரியும். மாத முடிவில் கூட்டிப் பார்த்தால் சம்பளம் முடிந்து மேலே நாலாயிரம் கடன் நிற்கும். கடன் இருக்கிறதால் விட்டுப் போக முடியாது, போக முடியாததால் சம்பளம் கூட்டிக் கேட்கவும் முடியாது. பென்சில் என்றபடியால் அழிக்கவும் திருத்தவும் வசதி. நான் ஒரு கடையில் அந்தக் கொப்பியை எடுத்து, பேனையால் எழுதி ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குவோம் என்று சொன்னேன். "நீங்க கணக்கை மட்டும் பாருங்கோ தங்கச்சி" என்றார் முதலாளி. கணக்கைத்தான் பார்க்கச் சொன்னேன்.

இனி ஈ.பி.எப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி. இதை எழுதும்போது என் கையும் சுத்தமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஹாட்வெயார் கடையில் ஒரு பிள்ளை ஆறு வருடம் பில் எழுதினாள். கெட்டிக்காரி. எந்த இஞ்சிப் பைப்புக்கு எந்த சொக்கெற் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை ஊர் வவுனியா. வேலையை விட்டுப் போகிற நேரம் என்னிடம் வந்து, "அக்கா, எனக்கு ஈ.பி.எப். எவ்வளவு வரும்?" என்று கேட்டாள். கலியாணத்துக்காக வேலையை விடுகிற பெண் அந்தக் காசை எடுக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னது சரிதான். ஆனால் அவளுக்கு ஒன்றும் வராது. மாதாமாதம் ஈ.பி.எப். காசோடு அனுப்புகிற சி படிவத்தில் அவளுடைய பெயர் ஒரு மாதம் கூடப் போகவில்லை. அந்தப் படிவத்தை எழுதியவள் நான். முதலாளி தன் பெயரையும் மச்சானின் பெயரையும் மட்டும்தான் போடச் சொன்னார், நான் போட்டேன். ஆறு வருடம் அவள் தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு போட்டேன்.

அன்றிரவு கணக்குப் பார்த்தேன். சம்பளம் சராசரி 20,000 என்று வைப்போம். ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம், இரண்டும் சேர்ந்து மாதம் 4,000. ஈ.டி.எப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம், 600. எழுபத்திரண்டு மாதத்துக்கு 331,200 ரூபாய், வட்டி இல்லாமல். அதில் முதலாளியின் பங்கு 216,000. கலியாணத்துக்கு அவர் அரைப்பவுணில் ஒரு மோதிரம் போட்டார். மண்டபத்தில் எல்லோரும், "முதலாளி எண்டா இவர்தான்" என்றார்கள். அவளும் காலில் விழுந்து கும்பிட்டாள். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். அந்தக் கடைக் கணக்கை அதோடு விட்டேன்.

நிரந்தரமாக்கினால்தான் ஈ.பி.எப்., மூன்று பேருக்கு மேல் இருந்தால்தான் ஈ.பி.எப்., பயிலுனருக்கு இல்லை, நாட்சம்பளத்துக்கு இல்லை. இதெல்லாம் ஊரில் உலாவுகிற கதைகள். 1958ஆம் ஆண்டின் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒரே ஒரு ஆள் நின்றாலும், நின்ற முதல் நாளில் இருந்தே கட்ட வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் ஏறிக்கொண்டே போய் 50 வீதம் வரை வரும். விட்டுப் போனவரும் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம், நீதவான் நீதிமன்றம் வரைக்கும் போகும். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பயமுறுத்தத்தான் சொல்கிறேன்.

2026 ஜனவரியில் இருந்து தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். 2016இல் சட்டம் வந்தபோது அது 10,000. முப்பதாயிரத்துக்கு முதலாளியின் பங்கு 3,600, ஈ.டி.எப். 900, மொத்தம் 4,500. மூன்று பேர் நிற்கிற கடைக்கு மாதம் 13,500. சின்னக் காசு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழகிய ஒரு ஆள் போய்ப் புது ஆள் வந்தால், முதல் இரண்டு மாதம் பிழையான பில், தெரியாத விலை, திரும்பிப் போகிற வாடிக்கையாளர். அந்த நட்டம் எந்தக் கொப்பியிலும் ஏறுவதில்லை. ஏறாததால் இல்லை என்று நினைக்கிறோம்.

பதினைந்து பேர் நின்றால் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை கொடுக்க வேண்டும், 1983ஆம் ஆண்டுச் சட்டம், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். அதனால்தான் எங்கள் மாவட்டத்தில் சில இடங்கள் வருடக்கணக்காகப் பதினாலு பேரிலேயே நிற்கின்றன. பதினைந்தாவது ஆள் எப்போதும் "சொந்தக்காரப் பொடியன், சும்மா வந்து நிற்கிறான்."

நீங்கள் சொல்லப் போவதும் எனக்குத் தெரியும். 2004இல் கடல் வந்து கொண்டுபோனது, யுத்தத்தில் எரிந்தது, 2019 ஈஸ்டருக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர் வரவில்லை, 2020இல் பூட்டிக்கிடந்தோம், 2022இல் டீசல் வரிசையில் படுத்துக் கிடந்தோம். அதே வருடம் ஓகஸ்டிலும் அடுத்த பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறியபோது என் மில்லையும் மூடுவோமா என்று நினைத்தேன். 2024 ஜனவரியில் இருந்து வற் வரி 18 வீதம். கடன் கொப்பியில் இருக்கிற காசு வசூலாவதில்லை. பெரிய சுப்பர்மார்க்கெட் பக்கத்தில் வந்து ஏசி போட்டுக்கொண்டு நிற்கிறது. எல்லாம் உண்மை. 2016ஆம் ஆண்டுத் தேசியக் கொள்கையின்படி இந்த நாட்டுத் தொழில் முயற்சிகளில் 75 வீதத்துக்கு மேல் சிறிய, நடுத்தரத் தொழில்கள். வேலைவாய்ப்பில் 45 வீதத்துக்கு மேல் அவைதான் கொடுக்கின்றன. பத்துப் பேருக்குக் குறைவாக வைத்திருக்கிற நம்மைப் போன்றவர்களை நுண் தொழில் என்கிறார்கள். நுணுக்கிப் பார்த்தால்தான் தெரிவோம் போல. சீனக்குடாவில் மா ஆலை இருக்கிறது, சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது. ஆனால் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே நுழைய முடியும்? மிச்சப் பேருக்கு முதல் வேலை நம்மிடம்தான். வேலை என்றால் என்ன என்று அவர்கள் படிப்பது நம்முடைய கடையில்.

சட்டத்திலும் எனக்குக் குறை உண்டு, அதையும் சொல்கிறேன். 2018இல் திருத்தம் வந்த பிறகு எந்தப் பிள்ளைப்பேறு என்றாலும் 84 நாள் சம்பளத்தோடு லீவு. நல்ல சட்டம். ஆனால் அந்தச் சம்பளம் முழுவதும் முதலாளியின் கையில் இருந்து போகிறது. நாலு பேர் நிற்கிற கடையில் ஒருத்தி பிள்ளை பெற்றால் அது பெரிய இடி. அதனால் என்ன நடக்கிறது? புதிதாகக் கலியாணம் முடித்த பிள்ளை வேலை கேட்டு வந்தால், "ஆள் எடுத்தாச்சு" என்று சொல்லி அனுப்புகிறோம். அதே தூணில் கடதாசி தொங்குகிறது. இந்தச் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்க வேண்டும் என்று எங்கள் சங்கங்கள் ஒரு கடிதமாவது எழுதினவா? வாகனத் தரிப்பிடத்துக்கு எழுதினோம், நடைபாதை வியாபாரிகளுக்கு எதிராக எழுதினோம். இதற்கும் ஒன்று எழுதலாம். வரைவு நான் தருகிறேன்.

நன்றாக நடக்கிற இடங்களும் இருக்கின்றன, அவற்றைச் சொல்லாவிட்டால் பாவம். நிலாவெளிப் பக்கம் ஒரு சின்ன விடுதி. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரைக்கும்தான் அங்கே சீசன். வாடைக்காற்று தொடங்கினால் கடலும் கறுக்கும், அறைகளும் வெறிச்சோடும். பெரும்பாலும் அப்போது எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த சித்திரையில் புது ஆட்களைப் பிடித்து, முட்டை பொரிப்பதில் இருந்து மறுபடி பழக்குவார்கள். இந்த முதலாளி சமையற்காரரையும் இன்னும் மூன்று பேரையும் மழைக்காலத்திலும் அடிப்படைச் சம்பளத்தில் வைத்திருக்கிறார். பெயின்ற் அடிக்கிறார்கள், கட்டில் திருத்துகிறார்கள், பின்னேரத்தில் ஒரு ரீச்சர் வந்து இங்கிலிஷ் படிப்பிக்கிறார். சீசன் தொடங்குகிற அன்று அந்த முதலாளிக்குக் கதவைத் திறந்தால் போதும். போன வருடம் வந்த வெள்ளைக்காரர் சமையற்காரரைப் பெயர் சொல்லித் தேடி வருகிறார்கள். பக்கத்து விடுதிக்காரர் இதைப் பார்த்து, "அவருக்குக் காசு கூட" என்கிறார். கணக்கு எழுதுகிறவள் என்றபடியால் சொல்கிறேன், கூட இல்லை.

இன்னொன்று, நகரத்துக்கு வெளியே ஒரு கராஜ். மூன்று பேர். ஒருவர் தமிழ், ஒருவர் மூதூர் முஸ்லிம், ஒருவர் கந்தளாய்ச் சிங்களவர். சுவரில் ஒரு கலண்டர். வருடத் தொடக்கத்திலேயே மூவரும் இருந்து பத்திரகாளி அம்பாள் தேர், நோன்புப் பெருநாள், வெசாக் எல்லாவற்றையும் வட்டம் போட்டுவிடுகிறார்கள். ஒருவருக்கு லீவென்றால் மற்ற இருவரும் பார்த்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பன்னிரண்டு மணிக்குப் போனால் இரண்டு மணிக்கு வரலாம், நோன்பு காலத்தில் பின்னேரம் வெள்ளன விடுகிறார்கள். முதலாளி இதில் செய்ததெல்லாம் கலண்டரைத் தொங்கவிட்டதும், வட்டத்தை அழிக்காததும்தான். ஏழு வருடமாக அந்த மூவரும் அங்கேயே நிற்கிறார்கள். எங்கள் ஊரில் மூன்று இனமும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒருநாள் மத்தியானம் அந்தக் கராஜில் சாப்பாட்டுப் பெட்டி திறக்கும்போது போய்ப் பார்க்கலாம்.

நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். நாலு வருடம் என்னோடு நின்ற ஒருத்தி. மிளகாய் வறுப்பதில் அவளுடைய கைப்பக்குவம் வேறு யாருக்கும் வராது. மகள் ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சைக்குப் போகிற அன்று வேறு இடத்துக்கு ஒரு பெரிய ஓடர் மில்லில் முடிக்க இருந்தது. ஞாயிறுதான், ஆனால் வரச் சொல்லியிருந்தேன். "காலமை கூட்டிக்கொண்டு போய் விட்டிட்டு, முடிஞ்சதும் கூட்டிக்கொண்டு வந்து விட்டிட்டு வாறன்" என்றாள். நான், "அப்பா கூட்டிக்கொண்டு போகட்டும், உனக்குத்தான் இங்க வேலை இருக்கு" என்றேன். வந்தாள். வறுத்தாள். ஒரு சொல் பேசவில்லை. மாத முடிவில் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனவள் பிறகு வரவில்லை. எனக்குக் கோபம். நானும் "ஆள் இல்லை" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆறு மாதத்துக்குப் பிறகு அலஸ்தோட்டத்தில் ஒரு கடையில் புதுப் பக்கற் ஒன்றைக் கண்டேன். அவளுடைய வீட்டு விலாசம். வாங்கி வந்து கறி வைத்துப் பார்த்தேன். என் தூளை விட அவளுடையது நல்லது. இப்போது அவளிடம் இரண்டு பிள்ளைகள் வேலைக்கு நிற்கிறார்கள். பரீட்சை நாளில் லீவு கொடுப்பாளா என்று கேட்க எனக்கு முகம் இல்லை.

சரி, சங்கங்களிடம் நான் கேட்பதற்கு வருகிறேன். ஐந்து பத்துப் பேர் வைத்திருக்கிறவருக்குப் படிவம் நிரப்பத் தெரியாது, நேரமும் இல்லை. அதற்கென்று ஒரு ஆளை வைக்கவும் கட்டாது. நாற்பது கடைக்குப் பொதுவாகச் சங்கமே ஒரு எழுதுவினைஞரை வைக்கட்டும். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ஈ.பி.எப்., ஈ.டி.எப். எல்லாம் அவர் பார்க்கட்டும். கடைக்கு மாதம் ஒரு சின்னத் தொகை போட்டால் அவருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுக்கலாம். அவருக்கும் ஈ.பி.எப். கட்டவேண்டும், மறந்துவிடாதீர்கள்.

அப்புறம், சட்டம் சொல்கிற ஒன்றரை நாள் லீவில் அந்த அரை நாள். ஞாயிறு பின்னேரம் யாரும் கடையைப் பூட்டுவதில்லை, ஏனென்றால் பக்கத்துக் கடை திறந்திருக்கிறது. பக்கத்துக் கடைக்காரரும் இதையேதான் சொல்கிறார். எல்லோரும் ஒரே நேரத்தில் பூட்டினால் ஒருவருக்கும் நட்டமில்லை. ஞாயிறு பின்னேரம் வாங்க நினைத்த அரிசியைச் சனங்கள் சனிக்கிழமை வாங்குவார்கள், திங்கட்கிழமை வாங்குவார்கள். சாப்பாட்டுக் கடை, பாமசி தவிர்ந்த மற்றக் கடைகளுக்கு மூன்று மாதம் பரீட்சித்துப் பார்க்கலாம். முதலாளிமாரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டச்பே கடற்கரைக்கு ஒருதரம் போய் வரலாமே. உங்களில் பலர் கடைசியாகக் கடலைப் பார்த்தது யாரோ விருந்தாளியைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போன அன்றுதான்.

கதிரைக்கும் கக்கூசுக்கும் தீர்மானம் நிறைவேற்றத் தேவையில்லை, அதை நாளைக்கே செய்யலாம். கமராவை மத்தியானத்தில் பார்க்காமல் விடுவதற்குச் செலவே இல்லை.

அடுத்த பொதுக்கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிஷம் தாருங்கள். பேச்சுக்கு இல்லை. சி படிவம் எப்படி எழுதுவது என்று பலகையில் காட்டுகிறேன். இன்னும் பதியாதவர்கள், கூட்டத்தில் கேட்க வெட்கமென்றால், சனிக்கிழமை பின்னேரம் கொப்பியைத் தூக்கிக்கொண்டு மில்லுக்கு வாருங்கள். பதிவுக்கான டி படிவத்தை நானே நிரப்பித் தருகிறேன், காசு வேண்டாம். பென்சில் கொப்பியையும் கொண்டு வாருங்கள், யாரிடமும் சொல்லமாட்டேன். இரண்டு மணிக்கு முன்னால் வரவேண்டாம், மிளகாய் வறுக்கிற நேரம், தும்மியே களைத்துப்போவீர்கள். மூன்று மணிக்கு வந்தால் தேத்தண்ணி இருக்கும், இருக்கக் கதிரையும் இருக்கும்.

இப்படிக்கு,
பாலையூற்றில் இருந்து,
கணக்கு எழுதுகிற அக்கா